அன்னாள் தைத்த சட்டை

திருவண்ணாமலையில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே வெளியூர்க்காரர்கள் பலருக்கு ஆச்சரியம். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கில் மக்கள் மலையைச் சுற்றிவரும் ஊரில், 'நீங்கள் எந்தக் கோயில்?' என்று கேட்டால் 'லுத்தரன் கோயில்' என்று பதில் வருவதை அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. எந்தச் சாதி, எந்த மதத்துக் குடும்பமானாலும், டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்த ஒரு அண்ணனோ சித்தப்பாவோ இருப்பார்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். அப்பா வேதம் வாசிப்பார், அம்மா ஜெபிப்பார். வாசிப்பது யார், ஜெபிப்பது யார் என்பது யாரும் உட்கார்ந்து பிரித்த வேலை அல்ல; எங்கள் சபைக் குடும்பங்களில் அப்படித்தான் இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, 'இவர்களை நடத்தும் ஆண்டவரே, எங்களுக்கு வழி காட்டும்' என்று அம்மா கேட்பார். எனக்குப் பத்து வயதானபோது என்னை வெளியூர் விடுதிப் பள்ளியில் சேர்ப்பதென்று முடிவானது. 'ஜெபித்து முடிவெடுத்தோம்' என்று அப்பா உறவினர்களிடம் சொன்னார். ஜெபித்தவர் அம்மா, முடிவெடுத்தவர் அப்பா என்று எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அம்மாவிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. 'கர்த்தருடைய சித்தம்' என்று மட்டும் சொல்லிவிட்டு, எனக்கு நான்கு பாவாடை தைத்து, இடுப்புப் பட்டியின் உள்பக்கம் சிவப்பு நூலால் என் எண்ணைப் பின்னிக் கொடுத்தார்.

பிள்ளை வளர்ப்பில் கடவுளின் வழிகாட்டலைத் தேடுதல் என்று சபையில் சொல்லப்படுவதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் தேடுகிறவர் யார், கேட்கிற காது யாருடையது, பதிலை அறிவிக்கிற வாய் யாருடையது என்பதெல்லாம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வரலாற்றின் சில பக்கங்களை, பெரும்பாலும் ஆற்காட்டுப் பக்கத்து மண்ணில் நின்று, புரட்டிப் பார்க்கிறது.

தாய்மாருக்கான பிரசங்கங்களில் தவறாமல் வருகிறவள் வேதாகமத்து அன்னாள். எல்க்கானாவின் இரண்டு மனைவியரில் பிள்ளையில்லாதவள். சீலோவில் தேவாலயத்தில் உதடு மட்டும் அசைய அழுது ஜெபிக்கிறாள். ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைக்கிறான். ஆண் பிள்ளை பிறந்தால் கர்த்தருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அவளே பொருத்தனை பண்ணுகிறாள். பிறந்த பிள்ளைக்குச் சாமுவேல் என்று பெயரிடுகிறவளும் அவள்தான். பால் மறக்கும்வரை வைத்திருந்து, பிறகு கொண்டுபோய் ஏலியிடம் விடுகிறாள். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துப்போகிறாள். பிரசங்கிகள் பொருத்தனையில் நிற்பார்கள். எனக்கு எப்போதும் அந்தச் சட்டையில்தான் கண் போகும். பிள்ளையைப் பார்க்காமலே ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அளவு ஊகித்துத் தைத்திருக்க வேண்டும்.

பிரசங்கத்தில் வராத இன்னொரு செய்தியும் உண்டு. எண்ணாகமம் 30ஆம் அதிகாரத்தின்படி மனைவி பண்ணும் பொருத்தனையைக் கேள்விப்பட்ட நாளிலேயே கணவன் செல்லாது என்று சொல்லிவிடலாம். எல்க்கானா அப்படிச் சொல்லவில்லை, உனக்கு நலமானபடி செய் என்று விட்டுவிட்டான். அன்னாளின் முடிவு அவளுடைய முடிவாக நின்றதற்கு அவன் தடுக்காமல் இருந்ததும் காரணம்.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இன்னொரு அன்னாள் இருக்கிறார். அவருடைய மகன் பெயரும் சாமுவேல்தான். அன்னாள் சத்தியநாதன், ஆங்கிலப் பதிவுகளில் அன்னா. திருநெல்வேலிச் சீமையில் கடாட்சபுரத்தில் ஊழியம் செய்த ஜான் தேவசகாயத்தின் மகள். தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர்களில் ஒருவர் அந்தத் தந்தை. அன்னாளின் கணவர் டபிள்யூ. டி. சத்தியநாதனும் குருவானவர். 1860களில் இந்தக் குடும்பம் சென்னைக்கு வந்தது. சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் வரலாற்றில் அவர்கள் பெயர் நிலைத்துவிட்டது. அன்னாள் சென்னையில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார், வெளியே வராத இந்துப் பெண்களின் வீடுகளுக்குப் போய்ப் பாடம் சொன்னார். 1878இல் கணவருடன் இங்கிலாந்து போய்வந்தார். 1890இல் இறந்தார்.

அவர் 1862இல் தமிழில் ஒரு சிறு நூல் வெளியிட்டார்: 'நல்ல தாய்'. கிறிஸ்தவத் தாய் பிள்ளையை எப்படி வளர்க்கவேண்டும் என்று தாய்மாருக்குச் சொல்லும் புத்தகம். அப்போது அவருடைய மகன் சாமுவேலுக்கு இரண்டு வயது.

இந்தப் புத்தகத்தை இன்று நாம் எப்படிப் படிப்பது? அடக்க ஒடுக்கமான குடும்பப் பெண்ணை உருவாக்கும் கையேடு என்று ஒதுக்கிவிடுவது எளிது. தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களின் வரலாற்றை ஆராய்ந்த எலைசா கென்ட் 2004இல் வெளியான தம் நூலில், மதம் மாறிய சமூகங்கள் 'மரியாதை' தேடிய பாதையில் பெண்களின் உடையும் நடையும் இல்லறமும் எப்படிப் புதிய கட்டுப்பாட்டுக்குள் வந்தன என்று காட்டுகிறார். விக்டோரியா காலத்து ஆங்கிலேய இல்லத்தரசியும் தமிழ்க் குலப்பெண்ணும் ஒன்றுசேர்ந்த ஓர் உருவத்தை மிஷன் பங்களாவும் போதகர் வீடும் முன்னால் நிறுத்தின. 'நல்ல தாய்' என்றால் 'நல்லதல்லாத தாய்' ஒருத்தி எங்கோ இருக்கிறாள் என்றாகிறது. அவள் பெரும்பாலும் படிக்காதவள், கூலிக்குப் போகிறவள்.

இதெல்லாம் சரிதான். ஆனாலும் 1862 என்ற ஆண்டை மறந்துவிடக் கூடாது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை பெண்கல்விக்காக எழுதியது அதற்குப் பிறகு. தமிழில் பெண்களுக்கான இதழ்கள் என்று சொல்லத்தக்கவையும் அதற்குப் பிறகே. பெண்கள் எப்படி இருக்கவேண்டும் என்று எழுதிய ஆண்கள் அதற்கு முன்னும் பின்னும் ஏராளம். இங்கே ஒரு தமிழ்ப் பெண் தன் பெயரில், தமிழில், பிள்ளை வளர்ப்பு என்பது யோசித்துச் செய்யவேண்டிய வேலை, கற்கவேண்டிய வேலை என்று அச்சில் எழுதுகிறார். தாய்க்கு நேராகப் பேசுகிறார். கடவுளிடம் பிள்ளைக்காகக் கேட்கிற உரிமையும் பொறுப்பும் தாய்க்கு உண்டு என்பது இந்த வகை எழுத்தின் அடிப்படை. குருவானவரின் மகளாகவும் குருவானவரின் மனைவியாகவும் இருந்தவருக்கு, பிரசங்க பீடம் கிடைக்காத அந்தக் காலத்தில், பேசக் கிடைத்த இடம் தாய்மை ஒன்றுதான். அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார் என்று நான் படிக்கிறேன்.

அந்த மகன் சாமுவேல் சத்தியநாதன் கேம்பிரிட்ஜில் படித்துச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். அவர் மணந்த கிருபாபாய், பம்பாய் மாகாணத்தில் மதம் மாறிய பிராமணக் குடும்பத்தில் பதினான்கு பிள்ளைகளில் பதின்மூன்றாவதாகப் பிறந்தவர். மருத்துவம் படிக்கச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலம் கெட்டதால் விட்டவர். 1887-88இல் தொடராக வந்த அவருடைய 'சகுணா' என்ற ஆங்கில நாவல் பெரும்பாலும் அவருடைய கதையே. அதில் மதம் மாறும் முடிவைத் தந்தை எடுக்கிறார். தாய் ராதா அதை அறியும்போது நொறுங்கிப்போகிறாள். சொந்த பந்தம், ஆசாரம், எல்லாம் விட்டுப் பின்னால் போகவேண்டியிருக்கிறது. பிறகு கணவனை இழந்து, புது மதத்தில் பிள்ளைகளை வளர்க்கிறவளும் அவள்தான். கடவுள் வழி காட்டியது தந்தைக்கு. அந்த வழியில் பிள்ளைகளைச் சுமந்து நடந்தது தாய். மதமாற்ற வரலாறுகளில் அதிகம் எழுதப்படாத இந்தப் பகுதியை ஒரு மகள் எழுதினார். கிருபாபாய்க்குப் பிறந்த ஒரே குழந்தை ஒரு வயதுகூட நிறையாமல் இறந்தது. அவரும் 1894இல், 32 வயதில் இறந்தார். மாமியார் எழுதிய நல்ல தாயையும் மருமகள் எழுதிய ராதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மாணவியருக்கு நான் சொல்வதுண்டு. ஒரே வீட்டில், ஒரே தலைமுறை இடைவெளியில், தாய்மை அறிவுரையாகவும் வலியாகவும் எழுதப்பட்டிருக்கிறது.

சத்தியநாதன் குடும்பம் நகரத்து, படித்த, மேல்நிலைக் கிறிஸ்தவக் குடும்பம். ஆற்காட்டுக் கதை வேறு.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்குவின் மிஷனோடு எங்கள் டேனிஷ் மிஷனைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அது டென்மார்க் அரசரின் மிஷன். இது 1821இல் டென்மார்க்கில் தொடங்கிய டேனிஷ் மிஷன் சங்கம். தமிழ்நாட்டுக்கு வந்தது 1860களில். கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் லைப்சிக் மிஷனில் இருந்தவர். சபைக்குள் சாதியைச் சகித்துக்கொள்வது பற்றி அந்த மிஷனோடு மோதி வெளியேறி, தென்னாற்காட்டில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற நிலையத்தை ஏற்படுத்தினார். டேனிஷ்காரர்கள் அவருடன் கைகோத்தார்கள். அங்கிருந்து திருக்கோவிலூர், பிறகு திருவண்ணாமலை. பின்னாளில் ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆனது இதுதான்.

இந்தச் சபைகளுக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். பண்ணையில் படியாளாக இருந்தவர்கள். அங்கே பிள்ளை என்பது மாடு மேய்க்கிற கை, களை பறிக்கிற கை. 1876-78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணம் முழுவதும் மிஷன்களின் அநாதை விடுதிகள் நிரம்பின. விடுதிப் பள்ளி, எங்கள் பேச்சில் 'போர்டிங்', மிஷன் வேலையின் மையமானது.

போர்டிங் ஏன் தேவைப்பட்டது என்று மிஷனரிகள் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். தூரம், பசி ஆகியவை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பெற்றோரின் வீடே பிள்ளைக்குக் கெடுதல் என்ற எண்ணம். காரன் வல்கோர்தா என்ற டேனிஷ் வரலாற்றாய்வாளர், தென்னிந்தியாவில் வேலை செய்த இந்த டேனிஷ் மிஷனரிகளின் குழந்தை வளர்ப்புக் கருத்துகளையே பொருளாக எடுத்து 2015இல் ஒரு நூல் வெளியிட்டார். இந்தியப் பெற்றோருக்குப் பிள்ளையை வளர்க்கத் தெரியாது, அவர்கள் அன்பு முறையற்ற அன்பு, கண்டிப்பு முறையற்ற கண்டிப்பு என்று மிஷனரிகள் எழுதி எழுதி நிறுவியதையும், அந்த நம்பிக்கையே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்பதற்கு நியாயமானதையும் அவர் காட்டுகிறார். அன்பால் மனதைத் திருத்துவது என்ற புதிய முறை வந்தபோதும், திருத்தப்படவேண்டியவர்கள் என்ற இடத்தில் தமிழ்த் தாய்மாரே இருந்தார்கள்.

இதில் எனக்கு முழுச் சம்மதம் வருவதில்லை. எங்கள் சபையில் மூத்த பெண்கள் போர்டிங்கைப் பற்றிப் பேசும்போது அவர்கள் குரலில் புகாரை மட்டும் நான் கேட்டதில்லை. மூன்று வேளை சோறு, வாசிக்கத் தெரிந்த கண், தையல், 'ஏய்' என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு மிஸ்ஸியம்மா. பண்ணைக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போகாமல் மகளைப் போர்டிங்குக்கு அனுப்பிய தலித் தாயை 'பிள்ளையைப் பறிகொடுத்தவள்' என்று மட்டும் எழுதினால், அவள் எடுத்த முடிவை அவளிடமிருந்து நாமும் ஒருமுறை பறித்ததாகும். அவள் படித்திருக்கவில்லை, தன் ஜெபத்தை எழுதிவைக்கவில்லை. மிஷன் அறிக்கையில் அவள் 'ஒரு ஏழைக் கிராமத்துப் பெண்'. அந்தப் பெண் என்ன கணக்குப் போட்டாள், என்ன கேட்டு ஜெபித்தாள் என்பதுதான் இந்த வரலாற்றில் நமக்கு மிகவும் வேண்டியது, கிடைக்காதது.

மிஷனரித் தாய்மாரின் பக்கமும் இருக்கிறது. வெயிலும் காய்ச்சலும் 'சுதேசிப் பழக்கங்களும்' தங்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று நம்பி, அவர்களைப் பள்ளி வயதில் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பினார்கள். பிறர் பிள்ளைகளுக்குத் தாயாக இருக்க வந்தவர்கள், தங்கள் பிள்ளைகளைப் பிறரிடம் விட்டார்கள். எங்களுக்கு அருகே வேலூரில் மருத்துவமனை எழுப்பிய ஐடா ஸ்கடரின் சிறுவயதும் இதுதான். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடாவை, பதின்வயதில் சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தாய் சோபியா இந்தியா திரும்பினார். விடைபெற்ற இரவில் தாயின் தலையணையில் முகம் புதைத்து அந்தப் பெண் அழுதது அவர் வாழ்க்கை வரலாறுகளில் தவறாமல் இடம்பெறுகிறது. பிறகு திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவத்தில் தவித்த மனைவியருக்காக வந்து, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துப்போனதும், மூன்று பெண்களும் இறந்ததும், அதை ஐடா கடவுளின் அழைப்பாக ஏற்றதும் எல்லோரும் அறிந்த கதை. அந்த அழைப்பைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். சோபியா கப்பலில் திரும்பிய அந்த நாட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடவுளின் சித்தம் என்று சொல்லிப் பிள்ளையைப் பிரிவது ஏழைத் தாய்க்கு மட்டும் விதிக்கப்பட்டதல்ல. ஆனால் வித்தியாசம் இருக்கிறது: சோபியாவை யாரும் தகுதியற்ற தாய் என்று எழுதவில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு அழகம்மாளை நினைக்காமல் இருக்க முடியாது. 1896இல் 16 வயது வேங்கடராமன் வீட்டில் சொல்லாமல் மதுரையிலிருந்து புறப்பட்டுத் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பின்னாளில் ரமண மகரிஷி. 1898இல் தாய் தேடிவந்து பவழக்குன்றில் மகனைக் கண்டு, வீட்டுக்கு வா என்று நாள்கணக்கில் அழுதார். மகன் பேசவில்லை. நடப்பது விதிப்படி நடக்கும் என்ற பொருளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாய் திரும்பிப் போனார். 1916இல் மீண்டும் வந்தார், இந்தமுறை மகனோடே தங்க. 1922இல் இறந்தார். இன்று அவர் சமாதிமேல்தான் மாத்ருபூதேஸ்வரர் சந்நிதி நிற்கிறது. சபையில் எங்களுக்கு இந்தக் கதையை யாரும் சொன்னதில்லை. ஆனால் மலையைச் சுற்றும் வழியில் ஆசிரமத்தைக் கடக்கும்போதெல்லாம், கடவுளிடம் மகனை இழந்து, அவனைப் பின்தொடர்ந்து வந்து சமைத்துப் போட்ட இந்தத் தாயும் சட்டை தைத்த அன்னாளும் எனக்கு ஒருத்தியாகவே தெரிகிறார்கள்.

மிஷனுக்குள்ளிருந்தே ஒரு மறுப்புக் குரல் வந்தது. ஆன் மேரி பீட்டர்சன் 1909இல் வந்த டேனிஷ் ஆசிரியை. மிஷன் விடுதிகள் தமிழ்ப் பெண்களைத் தங்கள் மண்ணிலிருந்து பிடுங்கி அரைகுறை ஐரோப்பியராக்குகின்றன என்று அவருக்குப் பட்டது. 1917 ஜனவரியில், திருக்கோவிலூரில் வேலை செய்துவந்த எஸ்தர் ஃபேரிங் என்ற இளம் மிஷனரியுடன் அவர் அகமதாபாத் ஆசிரமத்துக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தார். நம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கும் திருக்கோவிலூரிலிருந்து அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார மிஷனரிப் பெண் காந்தியைத் தேடிப்போவது சாதாரணமல்ல. அரசாங்கத்துக்கும் பிடிக்கவில்லை, மிஷனுக்கும் பிடிக்கவில்லை. காந்திக்கும் எஸ்தருக்கும் கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. அவர் எஸ்தருக்கு எழுதிய கடிதங்கள் 1956இல் 'மை டியர் சைல்ட்' என்று நூலாக வந்தன. இருவரும் மிஷனை விட்டு விலகினார்கள். எஸ்தர் மேனன் என்ற இந்திய மருத்துவரை மணந்தார். அதற்கும் எதிர்ப்பு வந்தது.

ஆன் மேரி பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கான தேசியக் கிறிஸ்தவப் பள்ளியைத் தொடங்கினார்: சேவா மந்திர். 1921இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். கதர், தாய்மொழி, டென்மார்க்கில் குருண்ட்விக் என்பவர் வழிவந்த மக்கள் பள்ளிகளின் சிந்தனை, எல்லாம் கலந்த பள்ளி. பிள்ளைகளுக்கு அவர் 'பெரியம்மா'. 1951இல் இறந்தார். கடவுளின் வழிகாட்டல் என்பதை அவர் மிஷன் கமிட்டியின் தீர்மானமாக ஏற்க மறுத்தார் என்பது முக்கியம். தாய்மொழியிலும் தாய்மண்ணிலும் வளரும் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளைதான் என்று அவர் நின்றார். ஆனாலும் பிள்ளைகளுக்கு நல்லது எது என்று இங்கேயும் ஒரு பெரியம்மா முடிவு செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தெற்கே டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 'அம்மா' ஆனார். 1901 மார்ச்சில் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி கோயில் பெண்களிடமிருந்து தப்பி அவரிடம் வந்ததில் தொடங்கிய குடும்பம் அது. ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு செலவுக்கும் யாரிடமும் கேட்காமல் கடவுளிடம் மட்டும் கேட்பது என்பது அவர் வழக்கம். பிரீனா அதற்கு முன்பும் ஒருமுறை தப்பியிருந்தாள். அப்போது அவள் ஓடியது தூத்துக்குடியிலிருந்த தன் தாயிடம். பின்தொடர்ந்து வந்தவர்களிடம் தாய் அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். குழந்தையின் கைகளில் சூடு போட்டார்கள். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் அந்தத் தாயை வெறுக்கவேண்டும் என்பதே ஏற்பாடு. கோயிலுக்கு நேர்ந்துவிடுவது தெய்வத்தின் பெயரால் நடந்தது என்பதையும், தெய்வத்துக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கும் துணிவு தனியாளான ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து வரும் என்பதையும் நான் யோசிக்கிறேன். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. அதற்கு முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் எவ்வளவு பாடுபட்டார்கள் என்று இந்தத் தொகுப்பைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஜெபத்திலிருந்து சட்டத்துக்கு வருகிறேன், ஏனெனில் 'வழிகாட்டல்' கடைசியில் கையெழுத்தில் போய் முடிகிறது.

1871இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வழக்கை முடித்துவைத்தது: ஸ்கின்னர் எதிர் ஆர்ட். மீரட்டில் கிறிஸ்தவத் தந்தைக்குப் பிறந்த பெண் குழந்தை. தந்தை இறந்துவிட்டார். விதவையான தாய், ஏற்கெனவே மணமான ஒரு கிறிஸ்தவருடன் வாழத் தொடங்கி, பிறகு இருவரும் இஸ்லாத்தைத் தழுவினார்கள். மகளைத் தாயிடமிருந்து எடுத்து வேறு காப்பாளரிடம் விட நீதிமன்றம் உத்தரவிட்டது; பிரிவி கவுன்சில் அதை உறுதிசெய்தது. தந்தையின் மதமே பிள்ளையின் மதம். எனவே பிள்ளை கிறிஸ்தவளாகவே வளர்க்கப்பட வேண்டும். செத்துப்போன தந்தையின் மதம் உயிரோடிருக்கும் தாயின் கையைவிடப் பலமாக இருந்தது. கிறிஸ்தவ நலனைக் காத்த தீர்ப்பு என்று இதைச் சிலர் மெச்சினார்கள். தீர்ப்பு காத்தது தந்தை வழியைத்தான்.

1890இல் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம் வந்தது. கிறிஸ்தவர்களுக்குப் பிள்ளைக் காப்புரிமை பற்றித் தனியான குடும்பச் சட்டம் இல்லாததால் இந்தப் பொதுச் சட்டமே பொருந்தும். அதன் 19ஆம் பிரிவு, தந்தை உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, பிள்ளைக்கு வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க முடியாது என்றது. அதில் தாய் என்ற சொல் இல்லை. நூற்றிருபது ஆண்டுகள் அப்படியே இருந்து, 2010இல் செய்த திருத்தத்தில்தான் அந்த இடத்தில் தாயும் சேர்க்கப்பட்டார். 'நல்ல தாய்' அச்சாகி 148 ஆண்டுகள் கழித்து.

தத்தெடுப்பும் இப்படித்தான். பிள்ளையில்லாத கிறிஸ்தவத் தம்பதியர் எத்தனை ஆண்டு ஜெபித்து ஒரு குழந்தையை எடுத்து வளர்த்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெறும் காப்பாளர்களாகவே இருந்தார்கள். பிள்ளை சட்டப்படி வயதுவந்தவரானால் அந்த உறவும் முடிந்துவிடும். இளைஞர் நீதிச் சட்டம் 2000த்திலும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தத்திலும்தான் மதம் பாராமல் தத்தெடுக்க வழி பிறந்தது. 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. இவற்றுக்காகச் சபைகளில் ஆராதனை வைத்து ஜெபித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தாய்மார் கூட்டங்களில் பிள்ளைகளுக்காக முழங்காலில் நிற்கிற நாங்கள், அந்தப் பிள்ளைகள்மேல் எங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டுக் கூட்டம் போட்டதும் இல்லை.

அந்தக் கூட்டங்களை நான் ஏளனம் செய்யவில்லை. இங்கிலாந்தில் மேரி சம்னர் என்ற குருவானவர் மனைவி 1876இல் தாய்மார் சங்கத்தைத் தொடங்கியபோது முதல் கூட்டத்தில் பேசப் பயந்து பேசாமலே திரும்பினார் என்பார்கள். எங்கள் சபையில் தாய்மார் கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை நடக்கும். குடிக்கிற கணவன், படிக்காத மகன், வரன் அமையாத மகள், எல்லாம் ஜெபக் குறிப்பாக அங்கே வரும். வீட்டில் சொல்லமுடியாததை 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்ற பெயரில் அங்கே சொல்லிவிட முடியும். ஒரு பெண்ணின் கணவர் மகளின் படிப்பை நிறுத்தப் போகிறார் என்பது அப்படி ஒரு ஜெபக் குறிப்பாகத்தான் வந்தது. அடுத்த நாள் நான்கு பெண்கள் அந்த வீட்டுக்குப் போனார்கள். என்ன பேசினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். கடவுளின் வழிகாட்டல் என்று அவர்கள் அதைச் சொன்னார்கள். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நாள் முன்பு அம்மாவிடம் கேட்டேன். என்னைப் போர்டிங்கில் விட்ட அன்றைக்கு ராத்திரி என்ன ஜெபித்தாய் என்று. வழிகாட்டச் சொல்லி ஜெபித்திருப்பார், சித்தம் நிறைவேற ஜெபித்திருப்பார் என்று நினைத்திருந்தேன்.

'என்னத்த ஜெபிச்சேன்' என்றார். 'பாவாடையில நாடா போட மறந்துட்டேனோன்னு நெனப்பு. ரெண்டுல போட்டேன், மத்த ரெண்டுல போட்டேனான்னு ஞாபகம் வரல. யாராவது ஒரு அக்கா இந்தப் புள்ளைக்கு நாடா கோத்துக் குடுக்கணும் ஆண்டவரேன்னு கேட்டேன்.'

நான்கிலும் நாடா இருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.